கரி பஸ் ஹேண்டிலும் என் சோத்தாங்கை மணிக்கட்டும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாலாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பஸ் முகப்பில் படிந்த தூசியில் விரலால் எழுதியதுதான். உங்களைப் பற்றியும் எனக்குத் தெரியும். ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் டூரிங் டாக்கீஸ் நோட்டீஸைத் தவிர வேறெதையும் முழுசாக வாசித்ததாக வரலாறு இல்லை.

ஆனால் நேற்றுக் காலை உங்களில் ஒருவன் வண்டியைக் கிளப்ப, முன்னால் செருகிச் சுற்றுகிற ஹேண்டிலைப் பிடித்த பிடியைப் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன், காதில் கடுக்கன் போட்டிருக்கிறவன். கட்டைவிரலைச் சுற்றி வளைத்து, மோர் மத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான். என் கையில் இருந்த டீ வாய்க்குப் போகாமலே ஆறிப்போனது. அவன் தப்பித்தான். நான்தான் அன்று முழுக்க மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வண்டி ஓட்டினேன். சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு வயதாகிவிடவில்லை. முப்பதுக்கே இன்னும் இருக்கிறது. ஆனால் ஹேண்டில் வண்டியில் காலம் தள்ளியவனுக்கு உடம்பில் முதலில் கிழடாவது மணிக்கட்டு. அந்தக் கணக்கில் உங்களுக்கெல்லாம் நான் தாத்தா முறை. காலில் விழ வேண்டாம். கட்டைவிரலை வெளியே எடுத்தால் போதும்.

யுத்த காலம். பெட்ரோல் கண்ணில் காண முடியாது. எங்கள் வண்டி பரமத்தி வேலூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கரியில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, அதற்குள் அடுப்புக்கரி. அந்தப் புகையைத் தின்றுதான் எஞ்சின் ஓடும். காலையில் கிளப்ப மட்டும் ஒரு மடக்குப் பெட்ரோல் காட்டுவோம், பால் குடிக்காத கன்றுக்கு விரலைச் சப்பக் கொடுப்பதுபோல.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னத் தண்டு இருக்கும். கரிப்புகை மெதுவாகப் பற்றும் என்பதால் அதில் ஓடும்போது தண்டை மேலே தள்ளி, நெருப்பை முந்தி வரவைக்க வேண்டும். பெட்ரோலில் கிளப்பும்போது தண்டைக் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்காமல் ஹேண்டிலைச் சுற்றினால், நீங்கள் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக எஞ்சின் உங்களைச் சுற்றும்.

அன்று வேலூரில் சந்தை. கிளீனர் மாரப்பன் கூரைமேல் நின்று வெற்றிலைக் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கிளீனர் என்றாலும் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், எனக்குக் கூட்டாளி. என்னை "டிரைவரே" என்றும் "ங்க" போட்டும்தான் கூப்பிடுவான். கூட்டாளி வாயிலிருந்து வரும் அந்த மரியாதையைவிட அவன் காறித் துப்பியிருக்கலாம் என்று பல நாள் தோன்றியதுண்டு. அவன் மேலே இருந்ததால் ஹேண்டிலை நானே எடுத்தேன். எங்கள் முதலாளி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் அந்தச் சீட்டின்மேல் கொள்ளை ஆசை. தண்டு மேலே இருந்தால் பெட்ரோல் குறைவாகச் செலவாகும் என்று எவனோ அவரிடம் சொல்லியிருக்கிறான். நான் இறக்கி வைத்துவிட்டு வந்த தண்டைச் சத்தமில்லாமல் மேலே ஏற்றினார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் சுற்றினேன். எஞ்சின் ஒரு தும்மல் தும்மியது.

கட்டைவிரலை நான் வெளியேதான் வைத்திருந்தேன். இல்லையென்றால் இன்றைக்கும் சந்தைப்பேட்டையில் அதைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆனாலும் கையை உருவிக்கொள்வதற்குள் ஹேண்டில் உள்ளங்கையின் அடிப்பாகத்தில் ஓர் அடி கொடுத்துவிட்டுத்தான் போனது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது.

முதலாளி சீட்டில் இருந்தபடியே கேட்டார். "ஏப்பா, ஏன் உட்டுட்டே? இன்னொரு சுத்து சுத்து."

மேலே இருந்து எட்டிப் பார்த்த மாரப்பன்தான் முதலில் கண்டான். "டிரைவரே, உங்க கை ஏனுங்க அகப்பையாட்டம் வளஞ்சிருக்குது?"

குனிந்து பார்த்தேன். அகப்பைதான். கை ஒரு மட்டத்தில் போய், மணிக்கட்டில் மேலேறி, மறுபடி கீழே இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது.

வாய்க்கால் ஓரத்துக் கிராமம் ஒன்றில் கட்டுப் போடும் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் கட்டுக்காரக்கா என்பார்கள். பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டதற்கு, "வலிக்கறது கையா, பேரா?" என்று திருப்பிக் கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன். பஸ் ஓட்டுகிறவன் மாட்டு வண்டியில் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். மாரப்பன் கூட வந்தான்.

வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து முழங்கால் சேற்றோடு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒடிந்த இடத்தை அவள் பார்க்கவே இல்லை. விரல் நுனிகளைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு நகமாக அழுத்தி, வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தாள்.

"வெரலை ஆட்டு, சாமி. ம். உணர்த்தி இருக்குதா? சரி. என்ன வேலை?"

"பஸ் டிரைவருங்கக்கா."

"ஐயோ, அந்தப் பொகை வண்டியா? நான் அதுல ஏறுனதே இல்ல. பயம்." மாரப்பனை என் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "அதுல என்னமோ கத்துமே, ஆரனா என்னமோ. அது எப்புடிக் கத்தும்? செஞ்சு காட்டு பாக்கலாம்."

பெண்பிள்ளை ஆசையாகக் கேட்கிறாளே என்று நான் "பாம்" என்று ஆரம்பித்தேன். அவள் இழுத்தாள். மிச்ச ஹாரனை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடக் கேட்டதாகச் சொன்னார்கள்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். கழுத்தில் இருந்து ஒரு தூளி போட்டுக் கையை அதில் தொங்கவிட்டாள். "நகத்தை அழுத்தி அழுத்திப் பாத்துக்கோணும். வெளுத்தது செவக்கலீன்னா, வெரலு மரத்துப் போச்சுன்னா, பொழுது பாக்காம ஓடியா."

இனிமேல் வருவதைக் கவனமாக வாசியுங்கள். எலும்பு முறிந்ததைவிட எனக்குப் பயம் தந்தது இதுதான்.

சில நாளில் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் பத்தை லேசாக ஆடியது. பார்க்க வந்த ஒவ்வொருவரும் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கட்டு தொளதொளங்குதே, எலும்பு நழுவிருமே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பழம் வாங்கி வந்தவன் ஒருவனும் இல்லை. மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஷெட்டுக்குப் போய்ப் பழைய டயர் டியூபை நாடா நாடாக வெட்டி எடுத்து வந்தான். பஸ்காரனுக்குத் தெரிந்த ஒரே மருந்து டியூப் ரப்பர்தானே. ரேடியேட்டர் ஒழுகினாலும் அதுதான், கூடை அவிழ்ந்தாலும் அதுதான், பிரேக் கம்பி கிலுகிலுத்தாலும் அதுதான். கட்டின்மேல் ரப்பரை இழுத்து இழுத்துச் சுற்றினான்.

"இப்ப ஆடுதாங்க?"

ஆடவில்லை. சட்டம் அடித்த மாதிரி நின்றது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் மாரப்பனை மெச்சினார்கள்.

மத்தியானச் சோற்றுக்கு அவன் மனைவிதான், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எனக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் விரல்களில் எறும்பு ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எறும்பு நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பிறகு நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. சிவக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். விரல் என்னுடையதாகவே தெரியவில்லை, யாரோ என் தூளியில் வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

"மாரப்பா, ரப்பரை அறு."

அவன் முகம் செத்துவிட்டது. "அவுத்தா எலும்பு நழுவிருமுங்க."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். "கட்டுனவங்க கைதான் அவுக்கோணும். வேற ஆரு தொட்டாலும் கட்டு பலிக்காது. அந்தம்மாளைக் கூட்டியாங்க, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருக்கோணும்." இது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புவது. நானும் நம்பியவன்தான். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பேருக்கும் என்மேல் பாசம். பாசத்தோடு என் கையைச் சாகவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மனசு இரண்டு பக்கமும் ஓடியது. அறுத்தால் எலும்பு நழுவி மறுபடி அகப்பை. அறுக்காவிட்டால்? அகப்பையைத் திருப்பி இழுக்க ஆள் இருக்கிறாள். செத்த விரலுக்கு யாரும் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அதற்குமேல் யோசிக்கிற புத்தி எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

"மாரப்பா, கட்டைத் தொடாதே. அது அக்கா கட்டுனது. ரப்பரு நீ கட்டுனதுதானே? கட்டுனவன் நீயே அறு. சாமி குத்தம் வராது."

பக்கத்து வீட்டுக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். மாரப்பன் வெற்றிலைக் கத்தியை எடுத்தான். முனையை ரப்பருக்கு அடியில் செருகினான். ஒவ்வொரு சுற்றாக அறுந்து விழுந்தது. அதோடு என்னை வண்டியில் போட்டுக்கொண்டு கட்டுக்காரக்காவிடம் ஓடினான்.

அவள் பத்தைகளையும் பிரித்தாள். கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் அடித்துக் காட்டச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கடைசியில் சுண்டுவிரலில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி. பிறகு எல்லா விரலிலும் நெருப்பு. நான் கத்தினேன்.

"கத்து, கத்து. வலிச்சா நல்லது" என்றாள். அப்புறம்தான் மாரப்பன் பக்கம் திரும்பினாள். "கைக்கு ரப்பரு சுத்துனது ஆரு?"

"நானுங்க. எலும்பு நிக்கோணுமுன்னு..."

"அக்கட்ட பாரு." கொடிக்காலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் கூடை தூக்கிப் போய்க்கொண்டிருந்தான். கூடையின் பிடியை அவன் பிடித்திருக்கவில்லை. மடங்கி இறுகிப்போன விரல்களில் அது மாட்டியிருந்தது, ஆணியில் மாட்டின மாதிரி. "வேறொருத்தரு கட்டுனது. எறுக்கிக் கட்டுனா சீக்கிரம் கூடுமுன்னு கட்டியிருக்கறாங்க. அந்தக் கைய இனி விரிக்க முடியாது. எறுக்கம் வேற, உறுதி வேற. கட்டு சும்மா காவலுக்கு. கை நிக்கறது உள்ளார இருந்துதான் வரோணும்."

சொல்லிக்கொண்டே பத்தைகளைப் பழையபடி தளர்வாக வைத்துக் கட்டினாள். மாரப்பன் அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வரும் வழியெல்லாம் என்னிடம் ஒரு "ங்க" கூடச் சொல்லவில்லை.

ஒருவழியாகக் கட்டுப் பிரித்த நாளில் நான் எதிர்பார்த்த கை அங்கே இல்லை. யாரோ நோஞ்சானுடைய கை ஒட்டியிருந்தது. தூளியிலேயே கிடந்ததால் முழங்கையும் பாதியில் நின்றுவிட்டது, நீளவும் இல்லை, முழுசாக மடங்கவும் இல்லை. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினேன். மணிக்கட்டு வெடுக்கென்று ஒரு பக்கம் சாய, டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"எலும்பு கூடிருச்சு, சாமி. கைதான் இன்னும் கூடல" என்றாள்.

எனக்கு டம்ளர் தெரியவில்லை. வாய்க்கால் பாலம்தான் கண்ணில் தெரிந்தது. நீங்கள் எல்லோரும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகிறீர்கள். குறுகல், கைப்பிடிச் சுவர் கிடையாது, ஏறுகிற இடத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளம். அங்கேதான் கியர் மாற்ற வேண்டும். இடது கை கியருக்குப் போய்விட்டால் ஸ்டியரிங்கில் இருப்பது சோத்தாங்கை மட்டும். சரியாக அந்த நேரத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஸ்டியரிங்கை வெட்டும். அந்த ஒரு வெட்டுக்கு இந்த மணிக்கட்டு நிற்குமா? நிற்காவிட்டால் நான் மட்டுமா போவேன்? பின்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் தண்ணீருக்குள். அன்றிலிருந்து எனக்கு இந்தக் கேள்வியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

முதலாளிக்கு அவசரம். இன்னொரு டிரைவரை வைத்திருந்தார், அவனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. "நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தி, நாலு பேரை உட்டு முழங்கையை உருவி நீட்டச் சொல்றேன். ஒரே நாள்ல சரியாயிரும்" என்றார். செங்கல்லைக் கட்டித் தொங்கவிடலாம் என்றும் யோசனை சொன்னார். அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"உருவி உருவி நீட்டுன முழங்கை மறுபடி மடங்கி நான் பாத்ததில்ல. கல்லாயிரும். உன்ற மொதலாளிக்கு அவசரமுன்னா அவரு கைய நீட்டிக்கச் சொல்லு."

அவள் சொன்ன வேலைகள் எல்லாம் வெட்கக்கேடானவை. சட்டியில் ஈர மணலைப் போட்டுப் பிசைய வேண்டும். முழங்கையை விலாவில் ஒட்டிவைத்துக்கொண்டு, களி கிண்டுகிற துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்ப வேண்டும். நிறைந்த சொம்பைப் பிடித்து, சொட்டுச் சிந்தாமல் சும்மா வைத்திருக்க வேண்டும். ஆட்டுவதைவிட ஆடாமல் வைத்திருப்பதுதான் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. வீக்கம் வந்தாலோ, மறுநாளும் வலி தங்கினாலோ அளவைக் குறைத்துவிட வேண்டும். நான் மணல் பிசைவதைப் பார்த்து, "டிரைவரே, பணியாரம் எப்ப சுடுவீங்க?" என்று ஷெட்டே சிரித்தது. மாரப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த பாடத்துக்கு அக்கா அவனைத்தான் கூப்பிட்டாள். நான் முஷ்டியை நீட்டி வைத்திருக்க வேண்டும். அவன் எந்தப் பக்கம், எப்போது என்று சொல்லாமல் அதைத் தள்ள வேண்டும். கை நகரக் கூடாது. திருப்பித் தள்ளவும் கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

முதல் நாள் அவன் தொட்டான். தடவினான் என்றே சொல்லலாம்.

"ஏன்டா, மாட்டுக் கன்னுக்கு உண்ணி பாக்கறயா?" என்றேன்.

"இல்லீங்க... மறுக்காவும் ஏதாவது ஆயிருச்சுன்னா..."

"உன்னைய நம்பித்தான் அக்கா உட்டிருக்கறாங்க. தள்ளு."

அவன் தள்ளினான். மணிக்கட்டு வழுக்கிக்கொண்டு போனது. போகட்டும் என்று மறுநாளும் செய்தோம். நாளாக ஆகக் கை தானாகவே முந்திக்கொள்ள ஆரம்பித்தது. அவன் விரல் படும்போதே உள்ளே ஏதோ இறுகி நின்றது. பிறகு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கட்டை வண்டியின் பழைய சக்கரம் ஒன்றை அச்சில் படுக்கையாக மாட்டினான். நான் ஒற்றைக் கையால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கதை பேச வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிற அவன், நான் கதையில் சுவாரசியமாகிற நேரம் பார்த்து வெடுக்கென்று சக்கரத்தை வெட்டுவான். பள்ளத்தில் இறங்குகிற பஸ் அப்படித்தானே செய்யும்? என் கதைகளில் பாதிக்கு முடிவே இல்லாமல் போனது இதனால்தான்.

கை தேறுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சந்தை நாள் வந்தது. அந்த இன்னொரு டிரைவர் வரவில்லை. வண்டி நிறைய ஜனம், கூரை நிறையக் கூடை, கரி கனிந்து புகை தயாராக நிற்கிறது. முதலாளி ஓடி வந்தார்.

"கை கூடிருச்சுன்னு சொன்னயல்ல? ஏறு. வெய்யலுக்கு முன்னால வெத்தலை போய்ச் சேரோணும்."

ஏறி உட்கார்ந்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சீட்! பின்னால் இருந்து யாரோ, "நம்ம பழைய டிரைவரு வந்துட்டாருடோய்" என்றார்கள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அப்படியே கிளப்பியிருக்கலாம். ஆனால் இடது கை கியருக்குப் போனதும் பாலம் கண்முன்னால் வந்தது. மாரப்பனைப் படியில் ஏறச் சொல்லி, காதோடு சொன்னேன். "சக்கரத்துல வெட்டுவியே, அதே மாதிரி இதை வெட்டு. சொல்லாம வெட்டு."

வெளியே யாரையோ பார்த்துக் கும்பிடு போடுகிற மாதிரி பாவனை செய்தான். திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டினான். மணிக்கட்டு பக்கவாட்டில் மடங்கி, ஸ்டியரிங் என் கையில் இருந்து கழன்று ஓடியது.

எங்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மாரப்பன் என்னைப் பார்த்தான். காலுக்குக் கீழே எஞ்சின் அதிர்கிறதா என் கால்தான் நடுங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை இன்னும் கிளப்பவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இறங்கினேன்.

"என்னப்பா?"

"கை நிக்கலீங்க."

"எறங்குனா எறங்குனதுதான். நாளைக்குக் கை நிக்குது, கால் நிக்குதுன்னு வந்து நிக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

ஜன்னல் வழியே தலைகள் நீண்டன. "பயந்தாங்கொள்ளிப் பயலை டிரைவரா வெச்சா இப்புடித்தானுங்க" என்றார் ஒரு தலைப்பாகை. ஓர் அம்மாள், "எங்கூட்டுக்காரரு கை ஒடிஞ்ச அடுத்த மாசமே ஏரு ஓட்டுனாரு, சாமி" என்றாள்.

"ஏரு வாய்க்கால்ல உழுந்தா மாடு நீந்திக் கரையேறிக்குமுங்கம்மா" என்றேன். அன்று அந்த வண்டி போகவில்லை. மாரப்பன் கூடைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். வெற்றிலைக்காரர்களின் வசவு முழுவதையும் அவன்தான் வாங்கிக்கொண்டான்.

இது உங்களுக்கும் வரும். காய்ச்சலோடோ, தூக்கக் கலக்கத்தோடோ, வேறு எதோடோ சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். வண்டி நிறைந்திருக்கும், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். கிளம்பிவிட்டால் திட்டு மிச்சம். இறங்கினால் மானம் போகும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள், விளக்கம் சொல்லச் சொல்ல அவர்கள் உங்களைச் சமாதானப்படுத்தி ஏற்றிவிடுவார்கள். "கை நிக்கலீங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டுச் சீட்டில் இருந்து தூரமாகப் போய் நில்லுங்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எந்தப் பக்கமா மடங்குச்சு?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். "அப்ப அந்தப் பக்கந்தான் இன்னும் தள்ளோணும்" என்று மாரப்பனிடம் சொல்லிவிட்டுக் கொடிக்காலுக்குள் போய்விட்டாள். அந்தப் பக்கமே தள்ளினோம். முழங்கையும் மெல்ல மெல்ல நீண்டது. யாரும் உருவவில்லை.

முதலாளி என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். ஆனால் அந்த இன்னொரு டிரைவர் மிலிட்டரி லாரி ஓட்டப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கவில்லை. "ஆளுகளை ஏத்தறதுக்கு முன்னால ஒரு நடை காட்டு" என்று முதலாளியே சொல்லி அனுப்பினார்.

அப்படி என் முதல் பயணிகள் வாழைத்தார்கள். சீட்டெல்லாம் தார், நடுவழியெல்லாம் தார். அவ்வளவு மரியாதையான பயணிகளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒன்றும் காறித் துப்பவில்லை. ஒன்றும் வெசயாப் போ, வேகமாப் போ என்று கத்தவில்லை. பாலம் வந்தது. இடது கை கியருக்குப் போனது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஸ்டியரிங் வெட்டியது. நான் எதுவும் செய்யவில்லை, செய்ய நேரமும் இல்லை. கை தானாக இறுகி நின்றது. தோள்வரை ஒரு வலி மின்னிப் போனது. வண்டி நேராகப் பாலத்தில் ஏறியது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி தார்களை எல்லாம் பார்த்தார், ஒன்றுகூட அடிபடவில்லை. "நாளைக்கு ஆளுகளை ஏத்திக்க" என்றார்.

பயம் தீர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்குத்தான் அது முழுசாக வந்தது. வாழைத்தார் வாய்க்காலில் விழுந்தால் வாழைத்தார்தான் போகும். ஒரு தடவை நின்ற கை மறு தடவையும் நிற்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது? மறுநாள் காலை சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் ஜனம் ஏறிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் தலைகளை எண்ணத் தோன்றும் என்று திரும்பவே இல்லை. தண்டைக் கீழே இறக்கினேன். கால்வாசி தைரியம்கூட இல்லை. வாய் மட்டும் வழக்கம்போல ஓடியது. ஹேண்டிலோடு முன்னால் வந்து நின்ற மாரப்பனிடம், என் பயத்தை எல்லாம் அவன்மேல் கொட்டுகிற மாதிரி சொன்னேன்.

"உனக்கென்னடா, பின்னால ஏணியில தொத்தீட்டு வருவே. வண்டி வாய்க்காலுக்குத் திரும்புச்சுன்னா குதிச்சுத் தப்பிச்சுக்குவே."

அவன் ஹேண்டிலை மாட்டிக்கொண்டே சொன்னான்: "என்ற பொண்டாட்டியும் கொழந்தையும் முன்சீட்டுல உக்காந்திருக்கறாங்க, நீங்க வண்டிய எடுங்க."